ஆய்வு முடிவுகளைப் பராமரிப்பு இல்லத்தின் அன்றாட வேலைக்குக் கொண்டுவருவது எப்படி?

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். 40 பேர் தங்கும் முதியோர் பராமரிப்பு இல்லம். பாதிப் பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய்). மாதம் 9, 10 முறை யாராவது கீழே விழுகிறார்கள். படுக்கைப்புண் தனிக்கதை. "ஆய்வுச் சான்றின் அடிப்படையில் பராமரிப்பு" என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கிறது. அதை ஒரு செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்டில் எப்படிச் செய்வது என்று மட்டும் எதிலும் இல்லை.

மூன்று சந்தேகம். முழுநேர ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஆய்வுக் கட்டுரை படித்துத்தான் ஆக வேண்டுமா, குறுக்குவழி உண்டா? வேறு எங்கோ, வேறு வகை ஆட்களிடம் செய்த ஆய்வு நம் இல்லத்துக்குப் பொருந்துமா என்று எப்படித் தீர்மானிப்பது? கடைசியாக, பயிற்சி வகுப்பு நடத்தினால் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அது ஏன்?

பொதுவான அறிவுரை வேண்டாம். நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் சொல்லக்கூடிய அளவுக்கு இருந்தால் நல்லது.

---

கைவிளக்கு

எல்லோரும் படிக்க வேண்டாம். ஒருவர் படித்தால் போதும். அவர் எதைப் படிக்கிறார் என்பதில்தான் விஷயம்.

"விழுவதைத் தடுப்பது எப்படி" என்று தேடினால் கட்டுரைகள் மலையாகக் குவியும், ஒன்றும் கைக்கு உதவாது. கேள்வியை நான்கு துண்டாக்குங்கள்: யாருக்கு, என்ன செய்யப்போகிறோம், இப்போது செய்வது என்ன, எது மாற வேண்டும். "தானே எழுந்து நடக்கிற, டிமென்ஷியா உள்ள இல்லவாசிகளுக்கு, விழுவதற்கான காரணங்களை ஆள்வாரியாகப் பார்த்துச் சரிசெய்தால், இப்போதைய பொது எச்சரிக்கையைவிட, ஆறு மாதத்தில் விழும் எண்ணிக்கை குறையுமா?" கேள்வி இந்த நீளத்துக்கு வந்தால்தான் பதிலும் உருப்படியாக வரும்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு விடை அந்த "யாருக்கு" என்ற துண்டில் இருக்கிறது. பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி விழும் வீதத்தை 23 சதவீதம் குறைக்கிறது என்றது. இதைப் படித்துவிட்டு இல்லத்தில் காலை உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பிப்பார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் தங்கள் சொந்த வீட்டில் வாழும் முதியவர்களிடம் நடந்தவை. பராமரிப்பு இல்லங்களையும் மருத்துவமனைகளையும் பற்றி அதே அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இல்லவாசிகளுக்கு உடற்பயிற்சியால் கிடைக்கும் பலன் நிச்சயமில்லை என்றுதான் இருந்தது. வைட்டமின் டி விழும் வீதத்தைக் குறைக்கக்கூடும் என்று அதிலேயே உண்டு. அந்தச் சோதனைகளில் இருந்தவர்களுக்கு வைட்டமின் டி ஏற்கெனவே குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செயல் அதேதான், ஆள் மாறியதும் பதில் மாறுகிறது. ஆகவே எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன், அங்கே இருந்தவர்கள் நடப்பார்களா, மறதி உண்டா, எத்தனை மாத்திரை சாப்பிட்டார்கள், ஒரு ஷிப்டில் எத்தனை ஊழியர் என்று பாருங்கள்.

உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மூட்டு இறுகாமல் இருக்க, பொழுது போக, நாலு பேர் முகம் பார்க்க அது வேண்டும். சொந்த வீட்டில் வாழ்பவர்களிடம் கிடைத்த அந்த 23 சதவீதத்தை மட்டும் உங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

குறுக்குவழி இதுதான். முதலில் தொகுப்பாய்வின் எளிய மொழிச் சுருக்கம்; இலவசமாகவே கிடைக்கும். சான்று எவ்வளவு உறுதி என்று அதில் உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நாலு படியில் போட்டிருப்பார்கள். "மிகக் குறைவு" என்றால் பலன் இல்லை என்று அர்த்தமில்லை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது என்று அர்த்தம். இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். அடுத்து, நல்ல சோதனை ஒன்றை எடுத்து அதன் செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள்: யார் செய்தார்கள், எத்தனை நிமிடம், வாரம் எத்தனை தடவை, எத்தனை மாதம், கையில் என்ன தாள் கொடுத்தார்கள், சொன்னபடி நடந்ததா. முடிவுரையை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் சோதனை இங்கிலாந்தில் 84 இல்லங்களில், 1,657 பேரிடம் நடந்து 2021இல் வெளியானது. ஒரு பிரிவு இல்லங்களில் ஊழியர் பயிற்சியும், விழுவதற்கான காரணங்களையும் அவற்றுக்குச் செய்ய வேண்டியதையும் ஒன்றாகப் போட்ட சரிபார்ப்புத் தாளும், கையேடும் கொடுத்தார்கள். மறு பிரிவில் வழக்கமான பராமரிப்பு. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை விழும் வீதம் 43 சதவீதம் குறைவு. ஆட்களை நாற்காலியோடு கட்டிப்போட்டுக் கிடைத்த குறைவு அல்ல, நடமாட்டம் அப்படியே இருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பயிற்சியின் பலன் தேய்வது உங்கள் இல்லத்துக்கு மட்டும் வந்த நோய் அல்ல என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி ஹேண்டோவர். "விழும் ஆபத்து: அதிகம்" என்று மதிப்பெண் போடும் தாளை மூடி வையுங்கள். மருத்துவமனை உள்நோயாளிகளிடம் அந்த மாதிரி முன்கணிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது. இல்லத்தில் நிலைமை இன்னும் மோசம்: ஏறக்குறைய எல்லோருக்கும் "அதிகம்" என்றுதான் வரும். எல்லோர் கையிலும் சிவப்புப் பட்டை இருந்தால் யார் கையிலும் இல்லாத மாதிரிதான்.

கடந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவைக்குக் குறையாமல் விழுந்தவர்களின் பெயரை எடுங்கள். முதல் வேலை, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நின்ற ஒரு நிமிடத்துக்குள் இன்னொன்று. நின்றபடியே மூன்றாவது நிமிடத்தில் மற்றொன்று. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மாத்திரைப் பட்டியலோடு மருத்துவர் கவனத்துக்குப் போக வேண்டும். இதில் எங்கும் நடக்கும் தவறு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி அளப்பது. உட்கார்ந்து எழுந்தால் இறக்கம் சிறிதாகத் தெரியும், பிரச்சினை கண்ணில் படாமல் நழுவிவிடும். நிற்கும்போது தலை சுற்றினால் மூன்றாவது நிமிடத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உட்கார வைத்துவிட்டு, எந்த நொடியில் சுற்றியது என்று எழுதுங்கள். மருத்துவருக்கு அதுவும் ஒரு அளவுதான்.

அடுத்தது கட்டில். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். இரவில் துணி மாற்ற உயர்த்திய கட்டிலை இறக்காமல் போவதும், வாக்கரைச் சுவரோரம் "ஒழுங்காக" நகர்த்தி வைப்பதும் சுத்தம் செய்கிற கையோடு நடக்கும் காரியங்கள். ஆகவே இதைப் பற்றித் துப்புரவுப் பணியாளரிடமும் பேசுங்கள். அவர்களை எந்தப் பயிற்சிக்கும் கூப்பிடுவதில்லை என்பது தனி வருத்தம்.

---

எண்ணும்எழுத்தும்

கைவிளக்கு சொன்னது சரி. ஆனால் "மாதம் 9, 10 முறை" என்ற எண்ணை வைத்துக்கொண்டு, செய்தது பலித்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது.

முதலில் எது விழுதல் என்று ஒரு வரியில் எழுதி ஒட்டுங்கள்: தன் எண்ணமில்லாமல் தரையிலோ, தான் இருந்ததைவிடத் தாழ்ந்த வேறு இடத்திலோ வந்து சேர்வது. வீல்சேரிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்தால் விழுதல். யாரும் பார்க்காமல் தரையில் கிடந்தால் விழுதல். ஊழியர் தாங்கிப் பிடித்து மெதுவாகக் கீழே உட்கார வைத்தாலும் விழுதல்தான். கடைசி வகையைப் பகல் ஷிப்ட் எழுதும், இரவு ஷிப்ட் எழுதாது என்றால் உங்கள் எண்ணிக்கை ஷிப்டின் பழக்கத்தைத்தான் அளக்கிறது.

பிறகு வீதம். விழுந்த எண்ணிக்கையை, அந்த மாதம் ஒவ்வொரு நாளும் இல்லத்தில் இருந்தவர்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். 40 பேர், 30 நாள் என்றால் 1,200. ஒன்பது முறை விழுந்தால் 7.5. இரண்டு பேர் ஆளுக்கு 15 நாள் மருத்துவமனையில் இருந்தால் அடியெண் 1,170, வீதம் 7.7. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டால், பத்துப் பேர் வெளியே போன மாதத்தை நல்ல மாதம் என்று கொண்டாட நேரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி தற்செயல். சராசரி 9 உள்ள இடத்தில் எதையுமே மாற்றாமல் ஒரு மாதம் 5, அடுத்த மாதம் 13 வரலாம். 9இன் வர்க்கமூலம் 3. சராசரிக்கு இருபுறமும் அதைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 3 முதல் 15 வரை, சாதாரண ஏற்ற இறக்கம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்குப் புதுத் திட்டம் எப்போது தொடங்குகிறது? மோசமான மாதத்துக்கு மறுநாள். 14 வந்த மாதத்துக்குப் பிறகு சும்மா இருந்தாலும் எண் இறங்கும். தாழ்வாரம் சொன்ன "இரண்டு மாதம் ஒழுங்காக நடக்கிறது" என்பதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

இதற்கு மாற்று, போக்கு வரைபடம். கட்டம் போட்ட தாள் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு புள்ளி. பழைய பதிவேட்டிலிருந்து 12 புள்ளி போட்டு, அவற்றின் நடுமதிப்பில் ஒரு கோடு இழுங்கள். மாற்றம் தொடங்கிய நாளைச் செங்குத்தாகக் குறியுங்கள். அதற்கு அப்புறம் தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்குக் கீழேயே வந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று பேசலாம். கோட்டின் மேலேயே விழும் புள்ளியை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அதற்கு முன் பேசினால் வெறும் நம்பிக்கை.

பயிற்சி முடிந்ததும் எண் ஏறினால் பயப்படாதீர்கள். முன்பு எழுதாததை இப்போது எழுதுகிறார்கள். அதனால் காயம் பட்ட விழுதல்களைத் தனிக் கோடாகப் போடுங்கள்; எலும்பு முறிவையும் தையல் போட்ட நெற்றியையும் யாரும் எழுதாமல் விட மாட்டார்கள். எத்தனை விழுதல் என்பதோடு எத்தனை *ஆட்கள்* என்பதும் வேண்டும். ஒன்பதில் நான்கு ஒரே ஆளுடையது என்றால் அது இல்லத்துக்கான திட்டமே அல்ல, அந்த ஒருவருக்கான திட்டம்.

செய்தோமா என்பதையும் அளக்க வேண்டும். வாரம் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, தாளில் டிக் இருக்கிறதா என்று பார்க்காமல் கட்டிலருகே போய்ப் பாருங்கள்: வாக்கர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கட்டில் இறங்கியிருக்கிறதா, பிரேக் போட்டிருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா. மாதம் 20 பார்வை. இருபதில் எட்டில்தான் எல்லாம் சரி என்றால், விழுதல் குறையாததற்கு ஆய்வைக் குறை சொல்ல முடியாது. அதை இன்னும் செய்யவே இல்லை.

கூடவே ஒரு எதிர்க்கணக்கு: சாப்பாட்டு அறைக்குத் தன் காலால் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர். விழுதலும் இறங்கி இதுவும் இறங்கினால் ஆட்களை எழவிடாமல் உட்கார்த்திவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

---

தாழ்வாரம்

இருவருக்கும் நன்றி. எதிர்க்கணக்கு யோசித்தே பார்க்காத விஷயம்.

படுக்கைப்புண்ணுக்கும் இதே மாதிரி ஒரு வழி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது விதி. இரவுத் தாளில் 12, 2, 4, 6 என்று ஒரு நிமிடம் பிசகாமல் எழுதியிருக்கிறது. அந்த அழகுதான் சந்தேகமாக இருக்கிறது. தூங்குகிறவரை எழுப்பி எழுப்பிப் புரட்டத்தான் வேண்டுமா?

---

குதிகால்

எல்லோருக்கும் வேண்டாம். சொல்லப்போனால், "இரண்டு மணி" என்பது சோதித்துக் கண்டுபிடித்த எண்ணைவிடப் பழகிப்போன எண்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்து மூன்று வாரம் பார்த்தார்கள்; 2013இல் வெளியானது. புண் வந்தவர்கள் மொத்தம் 19 பேர், 2 சதவீதம். மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை வைத்து நாளைக்கே எல்லோருக்கும் நாலு மணி என்று மாற்றிவிடாதீர்கள். கைவிளக்கு சொன்ன செய்முறைப் பகுதியைப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் அடர்த்தி மிக்க ஃபோம் மெத்தையில் இருந்தார்கள். தொடங்கும்போது யாருக்கும் புண் இல்லை. படுக்கைப்புண் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 10 முதல் 14 வரை இருந்தவர்கள்தான். 9ம் அதற்குக் கீழும் வந்தவர்கள், அதாவது மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள், அந்த ஆய்வில் இல்லை. பழைய பஞ்சு மெத்தையில், ஏற்கெனவே தோல் சிவந்து, பிரேடன் 8இல் இருப்பவருக்கு இந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை.

பிரேடன் தெரியாதவர்களுக்காக: உணர்வு, ஈரம், செயல்பாடு, அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு தலைப்பு, மொத்தம் 6 முதல் 23. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டியவை. மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது வீண். 14 வந்தவருக்கு ஈரத்தில் 1 என்றால் வேலை டயப்பரில். அசைவில் 1 என்றால் வேலை தலையணையில்.

மெத்தையைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. ஆள் படுத்திருக்கும்போது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, மெத்தைக்கு அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே செலுத்துங்கள். எலும்பு கையில் தட்டினால் மெத்தை செத்துவிட்டது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாலும் பயனில்லை.

எப்படிப் புரட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் 213 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 30 டிகிரி சாய்க்கப்பட்டவர்களில் 100க்கு 3 பேருக்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பக்கவாட்டில் புரட்டப்பட்டவர்களில் 100க்கு 11 பேருக்கும் புண் வந்தது. முக்கால் பங்கு குறைவு என்று சொன்னாலும் பொய்யில்லை. ஊழியர்களிடம் மட்டும் 100க்கு 8 பேர் தப்பினார்கள், அதாவது 12, 13 பேருக்குச் செய்தால் ஒருவர் தப்புவார் என்று சொல்லுங்கள். சதவீதத்தில் சொன்னதை அவர்கள் நம்பிவிட்டு, மாதக் கடைசியில் ஏமாற்றத்தோடு வருவார்கள். இன்னொன்று, அந்தச் சோதனையில் கோணமும் இடைவெளியும் சேர்ந்தே மாறின. எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. செய்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

30 டிகிரி என்றால் தோளிலிருந்து இடுப்பு வரை முதுகின் ஒரு பக்கம் தலையணையை நுழைத்துச் சாய்ப்பது. ஆளை முழுசாக உருட்ட வேண்டியதில்லை, பலர் விழிக்கவே மாட்டார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, வால் எலும்புக்கு அடியில் உள்ளங்கையைத் தட்டையாக விடுங்கள். கை நசுங்காமல் போக வேண்டும். குதிகாலுக்குத் தனிக் கவனம்: தலையணையை நீளவாக்கில் கெண்டைக்கால் முழுவதும் தாங்குமாறு வையுங்கள், முழங்கால் லேசாக மடங்கட்டும், குதிகால் காற்றில் மிதக்கட்டும். தலையணையைக் கணுக்காலுக்கு மேலே குதிநரம்பில் கொடுத்தால் ஒரு புண்ணைத் தடுக்கப்போய் இன்னொன்றை வரவழைப்பீர்கள். தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் ஆள் மெதுவாகச் சறுக்குவார். தோல் மெத்தையில் நிற்கும், எலும்பு இறங்கும், உள்ளே இரத்தக்குழாய் முறுகும். சாப்பாட்டு நேரத்துக்கு உயர்த்திவிட்டு மறந்துபோன தலைமாடுகள்தான் வால் எலும்புப் புண்ணுக்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சிவப்பைப் பார்த்தால் விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, இடைவெளியைக் குறையுங்கள். வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் நிலைப் புண். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூடு, கெட்டித்தன்மை, தொட்டால் வலி ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், வளைய மெத்தையை எடுத்து எறியுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுச் சான்றைக் கையில் எடுத்தால் வேலை கூடும் என்று ஊழியர்கள் பயப்படுவார்கள். விட்டுவிட வேண்டிய வேலையையும் அது காட்டும், அங்கிருந்து தொடங்கினால் ஆதரவு தானாக வரும். முதியவர்களின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தும், நாக்கு வறட்சியையும் சிறுநீர் நிறத்தையும் பார்த்தும் நீர்ச்சத்துக் குறைவைக் கண்டுபிடிப்பது நம்பகமில்லை என்று 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. உறுதியாகத் தெரிய இரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்திருப்பவற்றின் செறிவு, பார்க்க வேண்டும். 300க்கு மேல் போனால் குறைவு. ஆகவே அந்த அறிகுறிகளைக் குறிக்கும் தாளைக் கிழித்துவிட்டு அந்த நேரத்தில் குடிக்கக் கொடுங்கள்: ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்வது, பெண்களுக்கு நாளுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானங்கள். நீரைக் கட்டுப்படுத்தச் சொன்ன இதய, சிறுநீரக நோயாளிகள் நீங்கலாக. சிறுநீர்க் குச்சிச் சோதனையும் அதே ரகம். 65 வயதைத் தாண்டிய இல்லவாசிகள் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். குச்சி நிறம் மாறியது என்பதற்காகத் தொற்று என்று முடிவுகட்டினால், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும், குழப்பத்தின் உண்மைக் காரணம் தேடப்படாமல் போவதும்தான் மிஞ்சும்.

---

இராப்பாறை

அந்த 12, 2, 4, 6 தாளுக்கு வருகிறேன். அதை ஏமாற்று என்று பிடித்தால் அடுத்த மாதம் 12:07, 2:11 என்று எழுதுவார்கள். அவ்வளவுதான் மாறும்.

இரவில் இரண்டு பேர், புரட்ட வேண்டியவர்கள் 14 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆறு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 84 நிமிடம். இரண்டு மணியில் மீதி 36 நிமிடத்தில் மணி அடிப்பவர்கள், கழிப்பறை, ஈரத்துணி, மருந்து. நடக்கவே முடியாத விதிக்கு நடந்த மாதிரி தாள்தான் கிடைக்கும். குதிகால் சொன்னபடி ஆள்வாரியாகப் பிரித்து, ஐந்து பேருக்கு 2 மணி, ஒன்பது பேருக்கு 4 மணி என்றால், நாலு மணி நேரத்தில் 28 புரட்டல் 19 ஆகும். 168 நிமிடம் 114க்கு வரும். அப்போது தாள் உண்மை பேச ஆரம்பிக்கும். ஆய்வைக் கொண்டுவருகிறவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போடாமல் வருவதுதான் என் மனக்குறை.

பயிற்சி ஏன் தேய்கிறது என்பதற்கும் இதே மாதிரி கேளுங்கள்: தெரியாமல் செய்யவில்லையா, முடியாமல் செய்யவில்லையா, தேவையில்லை என்று நினைத்துச் செய்யவில்லையா? பயிற்சி முதல் வகைக்கு மட்டும்தான் மருந்து. ஆளை இழுக்காமல் நகர்த்த உதவும் நழுவு விரிப்பு ஸ்டோர் அறையில், சாவி பகல் பொறுப்பாளரிடம் என்றால் இரவில் இழுத்துத்தான் மாற்றுவார்கள். அதற்கு வகுப்பு எடுத்து என்ன பயன்? மூன்றாம் வகைக்கு எண்ணும்எழுத்தும் சொன்ன வரைபடத்தை ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள், அலுவலகச் சுவரில் வேண்டாம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: ஆறு மாதம் முன் பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்றைய ரோஸ்டரில் இருக்கிறார்கள்? தற்காலிக ஊழியர்களையும் சேர்த்து எண்ணினால் பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஒரு நாள் வகுப்பைவிட, ஹேண்டோவரில் பத்து நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பொருள், பகலில் ஒருவர் இரவில் ஒருவர் எனப் பொறுப்பு என்பது தாங்கும் என்று நினைக்கிறேன். கைவிளக்கு சொன்ன 84 இல்ல ஆய்வில் பலன் ஆறு மாதத்துக்குமேல் நிற்கவில்லை என்றால், இரண்டாம் சுற்றை ஐந்தாம் மாதமே வைத்துவிட வேண்டும். இது ஆய்வில் இருப்பது அல்ல, அதிலிருந்து நான் எடுக்கும் ஊகம்.

டிமென்ஷியா பாதிப் பேருக்கு என்பதால் ஒரு எச்சரிக்கை. ஆய்வில் சேர்ந்து இருந்ததைப் பிய்த்து, வசதியான பாதியை மட்டும் எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 16 இல்லங்களில் 277 பேரிடம் நடந்த ஆய்வில், மனநோய் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ததும் அவற்றின் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் மாத்திரையைக் குறைத்துவிட்டு, அவர்களோடு பேசிப் பழகும் நேரத்தைக் கூட்டாத இல்லங்களில் நடத்தைத் தொந்தரவுகள் மோசமாயின. அடுத்து 69 இல்லங்களில் 847 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட பெரிய சோதனையில், ஆளை மையமாக வைத்த பராமரிப்புப் பயிற்சியோடு பேச்சுப் பழக்கத்தையும் சேர்த்தார்கள். வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, கொந்தளிப்பு குறைந்தது. மாத்திரையைக் குறைப்பதற்கு மருத்துவரின் கையெழுத்து போதும், செலவில்லை. உட்கார்ந்து பேச ஊழியர் நேரம் வேண்டும். எந்தப் பாதி விடுபடும் என்று சொல்லவே வேண்டாம்.

இல்லவாசியின் வார்த்தையையும் யாரும் சொல்லவில்லை. இடுப்புக் காப்பு உள்ளாடையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லங்களில் இடுப்பு முறிவைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்று 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது, ஆனால் போட்டால்தானே? இறுக்குகிறது, வேர்க்கிறது, அவசரமாகக் கழிப்பறைக்குப் போகும்போது இறக்க முடியவில்லை என்று கழற்றி எறிவார்கள். அவர் மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். ஏன் மறுத்தார் என்று அவர் சொன்ன சொல்லிலேயே, நாம் விளக்கிய ஆபத்து என்ன, இருவரும் எதற்கு ஒப்புக்கொண்டோம், மறுபடி எந்தத் தேதியில் பேசுவோம் என்று நாலு வரி எழுதுங்கள். கழிப்பறைக்கு மட்டும் ஆள் வரட்டும், தோட்டத்துக்குத் தனியாகத்தான் போவேன் என்று அவர் சொன்னால் அதுதான் அன்றைய திட்டம்.

---

தாழ்வாரம்

இரவுச் சுற்றின் கணக்கை இன்றே போட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: வாரம் ஐந்து பேர் பார்வையை யார் செய்வது? பொறுப்பாளர் போனால் போகிற வழியிலேயே எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது.

---

எண்ணும்எழுத்தும்

பொறுப்பாளர் வேண்டாம். அந்த வாரம் அந்தத் தளத்தில் வேலையில்லாத ஒரு பராமரிப்பாளர், சொல்லாத நேரத்தில், வாரம் ஒரு தடவையாவது இரவு 10 மணிக்கு மேல். அரைப்பக்கத் தாளில் நாலு கேள்வி, ஐந்து கட்டம், ஊழியர் பெயருக்கு இடமே வைக்காதீர்கள். அறை எண்ணும் வேண்டாம். நிரப்பியதும் எண்ணிக்கையை வரைபடத்தில் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துவிடுங்கள். யார் மாட்டினார்கள் என்று ஒருமுறை தேடினால் போதும், மறுவாரத்திலிருந்து இருபதுக்கு இருபது வரும்.